இல்லத்தின் சுவருக்கு இளஞ்சிவப்பு



திருநெல்வேலி, நாகர்கோவில், மதுரை என்று பல ஊர்களிலிருந்து பிழைப்பை நாடிப் புறப்பட்டு, இன்று புனே நகரின் மேற்கேயுள்ள பாணேரில் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்கள் பல. காலையில் குடும்பத் தலைவர் ஹிஞ்ஜவாடிக்கு வேலைக்குச் செல்கிறார். பிள்ளைகள் பள்ளிக்குச் செல்கிறார்கள். மனைவியோ, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் வயதான தாயாரோ அந்த நான்கு சுவர்களுக்குள்ளேயே பகல் முழுவதையும் கழிக்க வேண்டியிருக்கிறது. ஊரில் திண்ணை இருந்தது, முற்றம் இருந்தது, வேப்பமரத்து நிழல் இருந்தது. இங்கே கண்ணுக்கு எதிரே நிற்பது சுவர் ஒன்றுதான். அதுவும் வீட்டு உரிமையாளர் எப்போதோ அடித்துவிட்டுப் போன, மங்கிய வெள்ளைச் சுவர்.

ஆகையால், "இந்த அறைக்கு மெல்லிய ரோஸ் நிறம் பூசினால் என்ன?" என்ற எண்ணம் எழுவது இயல்பே. பெயிண்ட் கடையில் கேட்டால் "ஃபிக்கட் குலாபி" என்று மராட்டியில் சொல்லி நிற அட்டையை நீட்டுவார்கள். அதில் இளஞ்சிவப்பே பத்துப் பதினைந்து வகையாக இருக்கும். வீட்டுக்கு வந்ததும் கேள்விகளும் வரிசையாக வரும். இந்த நிறம் மனதுக்கு அமைதி தரும் என்கிறார்களே, உண்மையா? இது பெண்பிள்ளைகளின் நிறமல்லவா? வாடகை வீட்டில் நம் விருப்பத்துக்கு அடிக்கலாமா? செலவு வீணாகிவிடுமா?

இவை அற்பமான கேள்விகள் அல்ல. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதியும், முன்பணத்தில் ஒரு பகுதியும், சிறு பிள்ளைகளின் ஆரோக்கியமும் இதில் அடங்கியிருக்கின்றன. எனவே ஒவ்வொன்றாக நிதானமாகப் பார்ப்போம்.

இளஞ்சிவப்பு மனதை அமைதிப்படுத்துமா?

இளஞ்சிவப்பு நிறம் கோபத்தைத் தணிக்கும் என்ற பேச்சுக்கு ஒரு வரலாறு உண்டு. அமெரிக்காவில் அலெக்சாண்டர் ஷாஸ் என்ற ஆய்வாளர், குறிப்பிட்ட ஓர் இளஞ்சிவப்பு நிறத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் மனிதரின் மூர்க்கம் தணியும் என்று கருதினார். 1979-ஆம் ஆண்டில் சியாட்டில் நகரிலிருந்த கடற்படைச் சிறைச்சாலையில் ஓர் அறைக்கு அந்த நிறம் பூசப்பட்டது. அதை அனுமதித்த அதிகாரிகளாகிய பேக்கர், மில்லர் ஆகிய இருவரின் பெயரால் அதற்கு "பேக்கர் மில்லர் பிங்க்" என்று பெயர் வழங்கலாயிற்று. எட்டுப் பங்கு வெள்ளைப் பெயிண்டுடன் ஒரு பங்கு சிவப்புப் பெயிண்டைக் கலந்தால் கிடைப்பதே அந்த நிறம். அங்கே சண்டை சச்சரவுகள் குறைந்தன என்று அறிவிக்கப்பட்டவுடன், வேறு பல சிறைகளும் காப்பகங்களும் அதே நிறத்தைப் பூசின.

ஆனால் பின்னர் நடந்த கட்டுப்பாடான சோதனைகளில் இந்தப் பலன் உறுதிப்படவில்லை. சுவிட்சர்லாந்தில் ஒரு சிறையில், கைதிகளில் சிலரை இளஞ்சிவப்பு அறைகளிலும் மற்றவர்களை வேறு நிற அறைகளிலும் வைத்துச் செய்யப்பட்ட ஆய்வு 2015-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. இரு சாராரின் மூர்க்கத்திலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

இதிலிருந்து நாம் அறிய வேண்டியது என்ன? குடும்பத்தில் சமாதானம் ஒரு வாளிப் பெயிண்டில் கிடைப்பதில்லை. அப்படி யாராவது சொல்லி விற்க முற்பட்டால், அதற்காக ஒரு ரூபாயும் அதிகம் கொடுக்க வேண்டாம். அதேசமயம், பகல் முழுவதும் வீட்டிலிருப்பவருக்குப் பிடித்த நிறம் கண் முன்னே இருப்பது ஓர் ஆறுதல். அந்த ஆறுதலுக்கு ஆய்வுச் சான்று தேவையில்லை. "உனக்கு எந்த நிறம் வேண்டும்?" என்று வீட்டிலிருப்பவரிடம் கேட்பதே பாதி மருந்து.

இது பெண்பிள்ளைகளின் நிறமா?

பல தகப்பன்மார் தயங்குவது இங்கேதான். ஆனால் இந்தப் பாகுபாடு பழமையானது அன்று. 1918-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் குழந்தைகளின் ஆடை வியாபாரிகளுக்காக வெளிவந்த ஓர் இதழ், இளஞ்சிவப்பு ஆண்பிள்ளைகளுக்கும் நீலம் பெண்பிள்ளைகளுக்கும் ஏற்றது என்றே எழுதியிருந்தது. பின்னாளில் வியாபார வழக்கம் தலைகீழாக மாறிற்று. நாமும் அதையே இயற்கை நியதி என்று எண்ணிக்கொண்டோம்.

நம் நாட்டில் ஒரு நகரமே இந்த நிறத்தால் பெயர் பெற்றிருக்கிறது. 1876-ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் இளவரசரின் வருகையை முன்னிட்டு, மகாராஜா இரண்டாம் ராம் சிங் ஜெய்ப்பூர் நகரத்தின் கட்டடங்களுக்கு இந்த வண்ணத்தைப் பூசச் செய்தார். விருந்தினரை வரவேற்கும் நிறமாகவே அது கருதப்பட்டது. உற்றுப் பார்த்தால் அது ரோஜா நிறமன்று; செங்காவி கலந்த இளஞ்சிவப்பு. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இது நமக்கு உதவும்.

வெளிச்சமே நிறத்தைத் தீர்மானிக்கிறது

கடையில் பார்த்த நிறம் வீட்டில் இல்லையே என்று வருந்தாதவர் குறைவு. குற்றம் கடைக்காரருடையதன்று. வெளிர் நிறங்கள், தங்கள் மேல் விழும் வெளிச்சத்தையே பெரும்பாலும் திருப்பிக் காட்டுகின்றன. ஆகவே வெளிச்சம் மாறினால் நிறமும் மாறிவிடும்.

வடக்கு நோக்கிய சன்னலுள்ள அறையில் நேர்வெயில் குறைவு. வானத்தின் நீலச்சாயல் படிந்த வெளிச்சமே உள்ளே வரும். அங்கே நீலம் கலந்த இளஞ்சிவப்பைப் பூசினால் அது சாம்பல் படிந்த ஊதாவாகத் தோன்றும். அத்தகைய அறைக்குச் சிறிது மஞ்சள் கலந்த, பீச் பழத்தை ஒத்த இளஞ்சிவப்பு நல்லது. மேற்கு நோக்கிய அறையிலோ மாலை நான்கு மணிக்கு மேல் பொன்வெயில் பாய்கிறது. அங்கே அந்தப் பீச் நிறமே ஆரஞ்சு நிறமாகிவிடும். அந்த அறைக்குச் சிறிது சாம்பலோ பழுப்போ கலந்த, அடக்கமான இளஞ்சிவப்பைத் தேர்ந்தெடுங்கள்.

மின்விளக்கும் இவ்வாறே. நம் வீடுகளில் வழக்கமாக எரியும் வெள்ளை நிறக் குழல்விளக்கின் ஒளி 6500 கெல்வின் என்ற அளவில் இருக்கும். அதில் நீலச்சாயல் அதிகம். 2700 முதல் 3000 கெல்வின் வரையுள்ள மஞ்சள் ஒளி விளக்கில் அதே சுவர் இதமாகத் தோன்றும். சுவரை மாற்றுமுன் விளக்கை மாற்றிப் பாருங்கள். சில வீடுகளில் அதுவே போதுமானதாக இருக்கும்; செலவும் சொற்பம்.

தரையையும் மறக்க வேண்டாம். அடுக்குமாடி வீடுகளில் பெரும்பாலும் பாலேட்டு நிற டைல்ஸ் பதித்திருக்கிறார்கள். வெயில் தரையில் பட்டு மேலெழும்போது அந்த மஞ்சள் சாயலைச் சுவருக்குக் கொண்டுபோகிறது. எதிரெதிர்ச் சுவர்களும் ஒன்றின் நிறத்தை மற்றொன்றில் பிரதிபலிக்கின்றன. இதனால்தான் அட்டையில் மெல்லியதாகத் தெரிந்த இளஞ்சிவப்பு, நான்கு சுவரிலும் பூசியபின் அடர்த்தியாகத் தோன்றுகிறது. எனவே அட்டையில் உங்களுக்குப் பிடித்ததைக் காட்டிலும் ஒரு படி வெளிர்ந்ததை வாங்குவதே அறிவுடைமை.

இவை எல்லாவற்றையும் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. மாதிரிக்குச் சிறிதளவு பெயிண்ட் வாங்கி, இரண்டடி அளவுள்ள தடித்த வெள்ளை அட்டையில் இரண்டு கோட் பூசுங்கள். காய்ந்தபின் அதைச் சுவரில் சாய்த்துவைத்து, காலை, நண்பகல், மாலை, இரவு ஆகிய நான்கு வேளைகளிலும் பாருங்கள். சன்னல் பக்கத்துச் சுவரிலும் எதிர்ச்சுவரிலும் மாற்றி வையுங்கள். நான்கு வேளையும் கண்ணுக்கு இதமாக இருந்தால் மட்டும் டப்பா வாங்கப் புறப்படுங்கள். கடையில் இயந்திரத்தில் கலந்து கொடுத்த நிறத்தை அவர்கள் பொதுவாகத் திரும்ப எடுத்துக்கொள்வதில்லை.

முதலில் சுவரைக் குணமாக்குங்கள்

பாணேருக்கு வடக்கே முளா ஆறு ஓடுகிறது. தெற்கே பாஷாண் பக்கம் குன்று நிற்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவமழை பெய்கிறது. மழைக்காற்று மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் வீசுவதால், அந்தத் திசைகளை நோக்கிய வெளிச்சுவர்களே அதிகம் நனைகின்றன. வெளிப்பூச்சில் மெல்லிய வெடிப்பு இருந்தாலும் போதும், ஆகஸ்ட் மாதத்தில் உட்சுவரில் ஓதம் ஏறும். மராட்டியர் இதை "ஓல்" என்பார்கள். சுவர் உப்புப் பூக்கும், பெயிண்ட் கொப்பளிக்கும், மூலைகளில் கறுப்பாகப் பூஞ்சணம் படியும்.

இத்தகைய சுவரின்மேல் அழகான இளஞ்சிவப்பைப் பூசி மறைப்பது பெருந்தவறு. பூஞ்சணம் அடியிலேயே இருந்து அடுத்த மழையில் மேலே வரும். அதிலிருந்து பரவும் நுண்துகள்கள் ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர்களுக்குத் தீங்கு செய்கின்றன. பிள்ளை இரவில் இருமிக்கொண்டிருக்க, பெற்றோர் மருந்தையே மாற்றிக்கொண்டிருப்பார்கள். காரணமோ கட்டில் தலைமாட்டுச் சுவரில் இருக்கும்.

வேதம் வாசிப்பவர்கள் லேவியராகமம் 14-ஆம் அதிகாரத்தை அறிவார்கள். வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ கறை கண்டால் என்ன செய்ய வேண்டும் என்று அங்கே ஒழுங்கு சொல்லப்பட்டிருக்கிறது. வீட்டை ஒழித்து, ஏழு நாள் அடைத்துவைத்து, மறுபடியும் பார்த்து, கறை படர்ந்திருந்தால் அந்தக் கற்களைப் பெயர்த்தெடுத்து, உட்புறம் முழுவதையும் சுரண்டி, வேறு கல்லும் வேறு சாந்தும் வைத்துப் பூச வேண்டும். மேலே பூசி மறைக்கும்படி அங்கே சொல்லப்படவில்லை. இன்றைய கட்டடப் பொறியாளரும் இதே வரிசையைத்தான் சொல்லுவார்: காரணத்தைக் கண்டுபிடி, சுரண்டு, காயவிடு, பிறகு பூசு.

சுவர் ஈரமா என்று அறிய, ஓரடிச் சதுரமான பிளாஸ்டிக் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரங்களையும் டேப்பால் நன்றாக ஒட்டி இரண்டு நாள் விட்டுவிடுங்கள். தாளின் உட்புறத்தில் நீர் முத்திட்டிருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்புறத்தில் இருந்தால், அறைக்குள் காற்றோட்டம் போதவில்லை என்று பொருள். முதலாவதற்கு வீட்டு உரிமையாளரையும் ஸொசைட்டி நிர்வாகத்தையும் அணுகி, வெளிச்சுவர் வெடிப்பையோ மேல்வீட்டுக் குளியலறைக் கசிவையோ சரிசெய்யக் கேளுங்கள். இரண்டாவதற்குச் சன்னலைத் திறப்பதும், ஈரத்துணிகளை அறைக்குள் உலர்த்தாதிருப்பதும் போதும்.

மழை முடிந்து சுவர் நன்றாக உலர்ந்தபின், அக்டோபர் இறுதி முதல் மே வரையுள்ள காலமே பெயிண்ட் அடிக்க ஏற்றது. தீபாவளிக்கு முன் பெயிண்டர்கள் கிடைப்பது அரிது. அவசரமில்லாதவர்கள் அது கழியும்வரை பொறுத்திருக்கலாம்.

வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு

நம்மில் பலர் வாடகைக்குத்தான் இருக்கிறோம். மகாராஷ்டிரத்தில் பதினொரு மாதத்துக்கு எழுதப்படும் "லீவ் அண்ட் லைசென்ஸ்" ஒப்பந்தமே வழக்கத்தில் இருக்கிறது. 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின்படி அது எழுத்தில் இருக்க வேண்டும், பதிவும் செய்யப்பட வேண்டும். பதிவு செய்யும் பொறுப்பு உரிமையாளருடையது. பதினொரு மாதந்தானே என்று விட்டுவிட இந்த மாநிலத்தில் இடமில்லை.

அந்த ஒப்பந்தத்தை எடுத்து ஒருமுறை நிதானமாக வாசியுங்கள். சுவரில் மாற்றம் செய்யக்கூடாது என்றோ, காலி செய்யும்போது பெயிண்ட் செலவை முன்பணத்தில் கழித்துக்கொள்ளலாம் என்றோ நிபந்தனை இருக்கக்கூடும். நல்ல எண்ணத்தோடு செலவழித்து நிறம் மாற்றிவிட்டு, போகும்போது "என் சுவர் வெள்ளையாக இருந்தது" என்ற பேச்சைக் கேட்டு முன்பணத்தில் பெருந்தொகையை இழந்து நிற்பது மிகுந்த மனவேதனை. ஊருக்குத் திரும்பும் செலவுக்கு அந்தப் பணத்தையே நம்பியிருக்கும் குடும்பங்கள் உண்டு.

ஆகவே மூன்று காரியங்களைச் செய்யுங்கள். முதலாவது, நிறத்தின் பெயரையும் எண்ணையும் குறிப்பிட்டு உரிமையாளரின் சம்மதத்தை எழுத்தில் பெறுங்கள். கைபேசிச் செய்தியானாலும் பத்திரப்படுத்துங்கள். இரண்டாவது, பூசுமுன் ஒவ்வொரு சுவரையும் தேதி தெரியும்படி புகைப்படம் எடுத்து அவருக்கும் அனுப்புங்கள். மூன்றாவது, காலி செய்யும்போது மறுபடியும் வெள்ளையடிக்க வேண்டுமா, அதன் செலவு யாருடையது என்பதை இப்போதே பேசி முடியுங்கள்.

இங்கே வெளிர் இளஞ்சிவப்புக்கு ஒரு நன்மை இருக்கிறது. அடர்ந்த சிவப்பையோ நீலத்தையோ வெள்ளையால் மறைக்கப் பல கோட் வேண்டும். வெளிர் நிறத்தை மறைக்கப் பெரும்பாலும் இரண்டு கோட் போதும். உரிமையாளரிடம் இதை எடுத்துச் சொன்னால் அவரும் இணங்க வாய்ப்புண்டு.

கணக்குப் பார்த்து வாங்குங்கள்

பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, உயரம் பத்தடி என்று கொள்வோம். நான்கு சுவரின் சுற்றளவு 44 அடி. அதை உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. கதவும் சன்னலும் போக ஏறத்தாழ 400 மிஞ்சும். பட்டி பார்த்து, உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்த வழுவழுப்பான சுவரில், ஒரு லிட்டர் எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கோட்டுக்குச் சுமார் 100 முதல் 140 சதுர அடி வரை வரும். எனவே ஓர் அறைக்கு ஒரு நான்கு லிட்டர் டப்பா போதும். இந்தக் கணக்கைத் தெரிந்துகொண்டு போனால், யாரும் உங்களுக்குப் பத்து லிட்டர் விற்க முடியாது.

அதுவும் முடியாதவர்கள் ஒரே ஒரு சுவரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டடிச் சுவர் ஒன்றுக்கு ஒரு லிட்டரை ஒட்டித்தான் ஆகும். படுக்கையிலிருந்து பார்க்கும்போது எதிரே தெரியும் சுவரோ, பகலில் அதிகம் உட்காரும் இடத்துக்கு எதிரேயுள்ள சுவரோ அதற்குப் பொருத்தம். மற்ற மூன்றும் மேற்கூரையும் வெள்ளையாகவே இருக்கட்டும்.

பளபளப்பில்லாத மேட் வகை, சுவரின் மேடுபள்ளங்களை மறைக்கும். ஆனால் கறையைத் துடைத்தால் தடம் விழலாம். சிறு பிள்ளைகள் கிரேயான் கொண்டு கிறுக்கும் வீட்டில், கழுவக்கூடிய வகை எமல்ஷனை வாங்குவதே சிக்கனம். சமையலறையில் அடுப்பின் அருகே இளஞ்சிவப்பு வேண்டாம். மஞ்சள்தூளும் எண்ணெய்ப் புகையும் அதில் உடனே தெரியும். வெயில் நேராக விழும் சுவருக்குச் செங்காவிச் சாயலுள்ள இளஞ்சிவப்பு உகந்தது. இரும்பு ஆக்சைடால் வரும் அந்தச் சிவப்பு எளிதில் வெளுக்காது; பிரகாசமான ரோஜா நிறங்கள் சில, ஆண்டுகள் செல்லச்செல்ல வெளுத்துப்போகும்.

இரண்டு டப்பா தேவைப்பட்டால் இரண்டையும் ஒரு பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்தபின் பூசச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் சுவரின் நடுவே நிறம் வேறுபடக்கூடும். டப்பாவின்மேல் ஒட்டியுள்ள நிற எண் சீட்டைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளின் பாதுகாப்பு

ஈயம் கலந்த பெயிண்ட் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்ற மத்திய அரசின் விதி 2017-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆகையால் டப்பாவில் இந்த அளவு குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பெயர் தெரியாத மலிவுச் சரக்கை வாங்காதிருங்கள். அதற்கு முன் பூசப்பட்ட பழைய எனாமல் பெயிண்ட் கதவிலும் சன்னல் கம்பியிலும் இருந்தால், அதைக் காய்ந்த நிலையில் தேய்க்க விடாதீர்கள். நீர் தெளித்து ஈரமாகத் தேய்த்து, தூளைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும்.

பெயிண்ட் அடிக்கும் நாட்களிலும், வாடை தணியும்வரையிலும், கர்ப்பிணிகளையும் கைக்குழந்தைகளையும் மூச்சுத்திணறல் உள்ளவர்களையும் வேறு அறையிலோ உறவினர் வீட்டிலோ தங்கவையுங்கள். சன்னல்களைத் திறந்து வையுங்கள். பட்டி தேய்க்கும் பெயிண்டருக்கும் முகக்கவசம் கொடுங்கள். அவரும் பல சமயம் நம்மைப்போலவே ஊரைவிட்டுப் பிழைக்க வந்தவர்தான்.

பிரியமானவர்களே, செய்ய வேண்டியவற்றின் வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். முதலில் ஓதத்தை நீக்குங்கள். பிறகு உரிமையாளரின் சம்மதத்தைப் பெறுங்கள். அதன்பின் அட்டையில் பூசி நான்கு வேளையும் பாருங்கள். கடைசியாக டப்பாவை வாங்குங்கள். நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை, அந்தச் சுவரை நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பவருக்கே கொடுங்கள். மாலையில் நீங்கள் வீடு திரும்பும்போது, அவர் தேர்ந்தெடுத்த சுவரின் முன் அமர்ந்து உங்களோடு பேசக் காத்திருப்பார்.